பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு தேர்தல்

அட்டை கடித்தால் உப்பைத் தூவி உதறிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தத் தம்பி உதறவில்லை. எங்கள் கடையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கெண்டைக்காலில் ஒட்டிய அட்டை ரத்தம் குடித்துப் பருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

"ஐயய்யோ, பிச்சு எறிங்க தம்பி!" என்று உப்புச் சிரட்டையோடு ஓடினேன்.

"பொறுங்கோ அக்கா. வயிறு நிறைஞ்சால் அதுவே விழுமெண்டு சொல்லினம். விழுகுதோ எண்டு பாப்பம்."

விழுந்தது. அதற்குள் ரத்தம் வழிந்து படியெல்லாம் சிவந்துவிட்டது. பரீட்சையில் தேறியவர்போல என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். இத்தனை வருஷமாக வரவில்லை. அதுவே என்னை உறுத்துகிறது.

அவர் கொழும்பில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெண்களுக்கும் தோட்டத்துச் சனங்களுக்கும்கூட வோட்டு உண்டு என்று சர்க்கார் அறிவித்து, முதல் அரசாங்க சபைத் தேர்தல் வரவிருந்த வருஷம் அது. அந்தக் கல்லூரியில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அரசியல் படிக்கிற மாணவர்கள் விடுமுறையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கக் கூடாது. அரசாங்கக் கச்சேரியிலோ நகரசபையிலோ தேர்தலில் நிற்பவர் ஒருவரிடமோ போய்க் கூட இருந்து வேலை பார்த்து, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும். எங்கள் பகுதியில் தேர்தலுக்கு நின்றவர் என் வீட்டுக்காரருக்கு வேண்டியவர். அவரிடம் வேலை பழக வந்த தம்பிக்கு அட்டன் கடைவீதியில் இருந்த எங்கள் துணிக்கடையின் மாடி அறையைக் கொடுத்தோம்.

கையால் தொட்டுத் தெரிந்துகொள்வது என்பதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒன்றைச் சொன்னால் நம்பமாட்டார். செய்து பார்க்க வேண்டும். என் சமையலறையில் ரொட்டி தட்டி விரலைச் சுட்டுக்கொண்டார். ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர்களோடு ஒரு நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தார். "புத்தகத்தில வாசிச்சது வாய்க்குள்ள நிக்குதக்கா. செய்தால்தான் உள்ள இறங்குது" என்பார்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவரை வேறோர் ஊர்க் கச்சேரியில்தான் விட்டிருந்தார்களாம். ஓரமாக உட்கார்ந்து பார் என்று சொன்னால் உட்காருவாரா? ஒரு கிழவருடைய பெயரில், ரோட்டோரத்து மரம் ஒன்றை வெட்ட அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு, மனுக்காரர்களோடு வரிசையில் போய் நின்றிருக்கிறார். அப்படி ஒரு மரமே கிடையாது. மனு மேசை மேசையாக ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது, கிராமத் தலைமைக்காரர் மரத்தை நேரில் பார்வையிட்டதாகவும், அது வீட்டின்மேல் சாய்கிற நிலையில் இருப்பதாகவும், வெட்ட ஆட்சேபணை இல்லையென்றும் எழுதியிருந்ததாம். அதைக் கொண்டுபோய்ப் பெரிய அதிகாரியிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். அதிகாரி சிரிக்கவில்லை. அப்படித்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வெட்டுனீங்கன்னா வெறக நமக்குக் குடுத்துருங்க தம்பி."

இப்போது நினைத்தால், அந்தக் கதையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மரமும் இல்லை, வெட்டுமில்லை. அதனால்தான் அவ்வளவு சிரித்தோம்.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் ஒரு தோட்டம். தேர்தலுக்கு ஆள் பழக்குவதற்காக அங்கே அடிக்கடி போவார். ஒரு நாள் தலையில் கயிறு பதிந்த தடத்தோடு திரும்பி வந்தார். கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்திருக்கிறார். மலை முழுக்கப் பெண்கள் சிரித்தார்களாம். "தம்பி கொழுந்து எடுக்குதா, ஆட்டுக்குத் தழை ஒடிக்குதா?" என்று ஒருத்தி கேட்டாளாம். முற்றின இலையாகக் கிடந்த அவருடைய கூடையின்மேல், அவளே தன் கூடையிலிருந்து இரண்டு பிடி நல்ல கொழுந்தை அள்ளிப் பரப்பியும் விட்டிருக்கிறாள். "மேலாப்புல நல்லதா கெடந்தா கணக்கப்புள்ள கீழ கிண்ட மாட்டாரு, போங்க."

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பில் கைக்குழந்தையோடு கடைக்கு வருவாள். துணியை எடுக்கிறாளோ இல்லையோ, விரித்துப் பார்க்காமல் போகமாட்டாள். யார் குழந்தை அழுதாலும் அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும். என் மகளைக்கூட, "கடைக்காரப் புள்ள, மொகத்துல என்னா ஆணவம்!" என்று கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்க வைத்துவிடுவாள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரே ஒரு குறை பெரிதாக இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா என்று ஓர் அறை தோட்டத்தில் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பெரிய கங்காணியின் தங்கச்சி. அந்த அம்மா காலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குவாள். பிள்ளைகள் நனைந்த துணியிலேயே கிடக்கும். ஒரு குழந்தை தவழ்ந்து போய் அடுப்புச் சாம்பலில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டது. கங்காணியின் தங்கச்சி ஆயிற்றே, யார் கேட்பது?

தேர்தலில் நிற்கிற ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு கலர்ப் பெட்டி. மறைவுக்குள்ளே போய், பிடித்தவருடைய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். இதைத் தோட்டத்துச் சனங்களுக்கு வாயால் சொன்னால் புரியாது, ஒத்திகை வைத்துக் காட்டுகிறேன் என்று தம்பி கிளம்பினார். பேராசிரியரின் கடிதத்தைப் பார்த்துத் தோட்டத்துத் துரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

"சும்மா ராமன், லச்சுமணன்னு ரெண்டு பேர வச்சு நடத்துங்க தம்பி" என்றேன்.

"இல்லையக்கா. பொய் வோட்டுப் போட்டால் பொய்யாத்தான் பழகுவினம். அவைக்கு வேண்டிய காரியம் ஒண்டு இருக்கோணும்."

பிள்ளைக் காம்பராவுக்கு யார் ஆயாவாக இருக்க வேண்டும் என்பதையே வைத்தார். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "கங்காணி தங்கச்சிய வச்சா வெளையாடுறது?" என்று முனகினார். தம்பி நேரே கங்காணியிடமே போய்ச் சொல்லிவிட்டார். கங்காணி வெற்றிலை மென்றுகொண்டே சிரித்தாராம். "நடத்துங்க நடத்துங்க. ஜெயிச்சா நல்லது. தோத்தா வெளையாட்டுத்தானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அவரோடு தோட்டத்துக்குப் போனோம். எதிராக நிற்க ஆள் கிடைக்கவில்லை. பெரட்டுக்களத்தில், தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்த மைதானத்தில், தம்பி கேட்டுக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் கொழுந்து அள்ளிப் போட்ட அந்தப் பெண்தான், குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "தம்பி மொகம் வாடிப் போச்சுல்ல. என் பேரப் போட்டுக்கங்க, யாரு வேண்டாங்குறா?" என்றாள். அவள் புருஷன் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன்.

கம்பளித் திரை கட்டி, அதற்குள்ளே இரண்டு காலித் தேயிலைப் பெட்டிகள். கங்காணியின் தங்கச்சிக்குச் சிவப்பு, இவளுக்குப் பச்சை. துணி எங்கள் கடைத் துணி. வெட்டிக் கொடுத்தது நான். என் மகள்தான் ஒவ்வொருவர் கையிலும் சீட்டுக் கொடுத்தாள்.

"பச்சையில போட்டா என்னா குடுப்பாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஒண்டும் தரமாட்டினம் ஐயா."

"செவப்புல போட்டா?"

"அதுக்கும் இல்லை."

"என்னா எலெக்சனோ!" என்று சலித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஓர் இளம்பெண் திரைக்கு முன்னால் நின்றுவிட்டாள். "எங்க வீட்டு ஆளு எதுல போட்டேன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"சொல்லத் தேவையில்லைத் தங்கச்சி. அது உங்கட ரகசியம்."

"புருசன்கிட்டக்கூட?"

"ஆரிட்டையும் சொல்ல வேண்டாம்."

அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். வெளியே வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டு, பொக்கிஷத்தை விழுங்கியவள்போல நடந்து போனாள். அப்படி ஒரு நடையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கங்காணியும் உள்ளே போய்ச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

பச்சைப் பெட்டி நிரம்பி வழிந்தது. சிவப்பில் அடியில் கொஞ்சம் கிடந்தது. தம்பி ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று, "இது நீங்கள் செய்த முடிவு. இனி இதை ஒருத்தரும் மாத்தேலாது" என்று உரக்கச் சொன்னார். மைதானமே கைதட்டியது. நானும் தட்டினேன். கங்காணி அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஜெயிச்சுட்டியே ஆயி!" என்று தலையை ஆட்டினார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சனங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று. அவர் சொன்னதை நம்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை விடியலில், பெரட்டுக்குப் போகும் முன்னால், தாய்மார்கள் பிள்ளைக் காம்பராப் பக்கம் போகவில்லை. நேரே அந்தப் பெண் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் போய், அவள் வாசலில் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கிடத்திவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். அவள் கூடையும் கயிறுமாக வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தால் காலடி முழுக்கக் குழந்தைகள். "ஏய், இதுகள விட்டுட்டு நா எப்புடிடி வர்றது?" என்று கத்தியிருக்கிறாள். "நீதான ஆயா, பாத்துக்க!" என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அவள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக் காம்பராவில் கங்காணியின் தங்கச்சி வெறும் தொட்டில்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாளாம்.

துரையின் பங்களாவுக்குப் போன செய்தி வேறு. இன்ன பெண் வேலைக்கு வராமல் லயத்தில் கூட்டம் சேர்த்திருக்கிறாள் என்று போயிற்று. இரண்டொரு நாளில் அவள் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு வந்தது. அது கையில் வந்தால் தோட்டத்தில் வேலையும் கிடையாது, லயத்துக் காம்பராவும் கிடையாது. திரைக்குள் யார் எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஜெயித்தவள் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துரை பங்களாவுக்குத் தம்பி மழையில் நடந்தே போனார். திரும்பி வந்து ஈரத்துணியோடு கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவவை ஆயாவா வைச்சது ஆர் எண்டு கேட்டாரக்கா. சனங்கள் எண்டன். அப்ப சம்பளத்தையும் சனங்களே குடுக்கட்டும் எண்டார். பிறகு தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்."

"குடிச்சீங்களா?"

அவர் குனிந்து ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார்.

தேர்தலில் நின்றவரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான். "எலெக்சன் முடியட்டும் தம்பி. இந்த நேரத்துல கங்காணியப் பகைச்சுக்கிட்டா ஒரு தோட்டத்து வோட்டே போயிரும்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். தேயிலை விலை விழுந்து, இருக்கிற ஆளையே குறைத்துக்கொண்டிருந்த காலம். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டமும் அந்தக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கார் செலவில் இந்தியாவுக்கே போய்விடுங்கள் என்றார்கள். அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அந்த லயத்தில் பிறந்தவள். அவள் தாயைப் புதைத்ததும் அந்த மலையில்தான்.

அவர்கள் கிளம்பிய அன்று தம்பி விடியற்காலையிலேயே லயத்துக்குப் போனார். நானும் மனம் கேட்காமல் பின்னால் போனேன். அவர் போய் அவர்களுடைய அம்மிக்கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் புருஷன் அதுவரை குனிந்தபடி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"எறக்கி வைங்க தம்பி. இதையுமா செஞ்சு பாக்கணும்?"

தம்பி கல்லை இறக்கவில்லை. அந்த வழுக்குப் பாதையில், கண்ணில் நீர் வழிய, ரயிலடி வரை தூக்கிக்கொண்டே நடந்தார். அம்மியை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அதைத் தண்டவாளத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் அவர்கள் ஏறினார்கள்.

நான் புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மேடையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள்.

"கடையம்மா, அம்புட்டுப் பேரும் எனக்குத்தான போட்டாங்க?"

"ஆமா ஆயி."

"பெறகு ஏன் ஒருத்தியும் வரல?"

அவளே சொல்லிக்கொண்டாள். "இன்னைக்கு வேல நாளுல்ல. வந்தா அன்னாடப் பேரு போயிரும், கூலியும் போயிருமே. பாவம், அதுகளும் என்னா செய்யும்!"

தம்பி எனக்குப் பின்னால்தான் நின்றார். கேட்டிருப்பார். ரயில் போன பிறகும் அவர் அசையவில்லை.

அந்த விடுமுறை முடிந்து கொழும்புக்குப் போனவர், நன்றாகவே தேறினார் என்று கேள்விப்பட்டோம். அவர் தோட்டத்தில் நடத்திய ஒத்திகையைப் பேராசிரியர் வகுப்பில் மெச்சிப் பேசினாராம். பின்னாளில் சர்க்கார் உத்தியோகத்திலும் சேர்ந்துவிட்டார். ஒரே ஒரு தடவை நுவரெலியா போகிற வழியில் எங்கள் கடைக்கு வந்தார். லீவு போட்டுவிட்டுத் திருச்சிப் பக்கம் போய், ஊர் ஊராக அவர்களைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். கிடைக்கவில்லையாம். வெகுநேரம் நின்றுகொண்டே பேசினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். புதிதாக வந்த பட்டு ஒன்றை என் வீட்டுக்காரர் விரித்துக் காட்டியபோது, "நல்லாயிருக்கு" என்று எட்ட நின்றே சொன்னார். தொட்டுப் பார்க்கவில்லை. அவர் வேறு யாரோ என்று எனக்குத் தோன்றியது. பழைய ஆளே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்றைக்கு முழுவதும் வெட்கப்பட்டேன்.

என் மகள் இப்போது அதே கொழும்புக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பேராசிரியர் மாறிவிட்டாராம், ஏற்பாடு மாறவில்லை. முன்பைவிடப் பெரிதாகவே நடக்கிறது. இந்த விடுமுறையில் அவளும் நாலைந்து பிள்ளைகளும் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறார்கள். வோட்டர் இடாப்பில் பெயர் பதிய வைப்பதும், பெண்களுக்கு ஒத்திகை வைப்பதும் அவர்கள் வேலை. "அந்த அண்ணன் செஞ்ச மாதிரியேம்மா!" என்று கண் விரியச் சொன்னாள். தான் சீட்டுக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, கைதட்டல் ஞாபகம் இருக்கிறது. ரயிலடிக்கு அவளை நாங்கள் கூட்டிப் போகவில்லை.

நேற்று மத்தியானம் அவள் பெட்டி அடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை அவள் ஒரு ரவிக்கையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப போக வேணாங்கிறீங்களா?"

"வேணாம்னு சொல்லல."

திரைக்கு உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்த அந்த இளம்பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பின்ன எப்புடிச் செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

எப்படிச் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயரை எல்லோருக்கும் தெரியும்படி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தால், விடுமுறை முடிந்ததும் ரயிலேறித் தன் வீட்டுக்குத் திரும்பப் போகிறவளுடைய பெயராக அது இருக்கட்டும். பெட்டி வைக்கிறவளே எதிராக நிற்கிறவளாகவும் இருக்கட்டும். துரை கூப்பிட்டால் அவளே போகட்டும். இவ்வளவுதான். சொல்ல வாயைத் திறந்தேன். வெயில் படாமல் வளர்த்த முகம் என் எதிரில் இருந்தது.

"நீ சீட்டுக் குடுக்குற எடத்துல இரு கண்ணு" என்றேன். "முன்னால போயி நிக்காத."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப முன்னால யாரும்மா நிப்பாங்க?"

நான் அவள் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"யாராவது நிப்பாங்க" என்றேன்.